முதலை இருக்கலாம், ஆனால்…

எங்கள் வீட்டில் எல்லாம் இருந்தது. 'இல்லை' என்ற சொல் மட்டும் இருக்கவில்லை. அம்மா அதை வாசற்படி தாண்ட விட்டதே கிடையாது. வீடு தேடி வந்தவரிடம் 'இல்லை' என்று சொன்னால் இருக்கிறதும் இல்லாமற் போய்விடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பக்கத்து வீட்டு மாமி உப்புக் கேட்டு வருவார். எங்கள் உப்புப் போத்தல் முதல்நாளே காலியாகியிருக்கும். அம்மா, "இரிங்க மச்சாள், இந்தா எடுத்திட்டு வாறன்" என்று அவரை முன்னால் இருத்திவிட்டு, பின்வேலியால் நுழைந்து அடுத்த வீட்டில் உப்பு வாங்கி வந்து கொடுப்பார். (ஒருநாள் அந்த அடுத்த வீட்டுக்காரியும் உப்பு இல்லை என்று சொல்ல மனமில்லாமல் அதற்கடுத்த வேலியால் நுழைந்துவிட்டார். உப்பு வந்து சேருவதற்குள் மாமி எங்கள் வீட்டில் இரண்டு தேத்தண்ணி குடித்து முடித்தார்.)

கூடாத செய்தி என்றாலும் இதே கதைதான். சின்னம்மாவின் மகனுக்குப் பேசிய கலியாணம் முறிந்தபோது அம்மா அதைக் "கொஞ்சம் தள்ளிப் போயிரிக்கு" என்றுதான் எல்லோருக்கும் சொன்னார். அந்தப் பெண் வேறொருவரைக் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அம்மாவைப் பொறுத்தவரை அந்தக் கலியாணம் தள்ளித்தான் போயிருந்தது. யாராவது ஒரு விசேஷத்துக்கு அழைத்தால் "ஓம் ஓம், வராம எங்க!" என்பார். வரக்கூடும் என்று அர்த்தம். "பாப்பம்" என்றால் எங்களை எதிர்பார்த்து உலை வைக்க வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் ஊர் நாவற்குடாவில் இதையெல்லாம் யாரும் யாருக்கும் படிப்பிப்பதில்லை. கேட்டுக் கேட்டே பழகிவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் ஆங்கிலம் படிக்கப் போனேன். வினை அங்கே தொடங்கியது.

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் போதாத புள்ளிகளை வாங்கிக்கொண்டு நான் வீட்டில் குந்தியிருந்த காலம். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கொழும்பும் நல்ல இடந்தான் எண்டு சொல்லுறாங்க" என்றார். எங்கள் வீட்டு மொழி தெரியாதவர்களுக்கு அது ஊர்ப்புதினம். எனக்கோ பஸ்சில் சீட் பிடித்தாயிற்று என்ற மாதிரிக் கேட்டது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் பல பிள்ளைகள் அப்படித்தான் கொழும்புப் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்கு வாவிக்காற்று முகத்தில் படாவிட்டால் நித்திரை வராது. அம்மாவின் சத்தம் கேட்காவிட்டால் விடியாது. ஊரோடு ஒரு வேலை கிடைத்தால் மட்டுமே தப்பலாம். அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ரமணன் சேர் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சேர் என்று சொன்னாலும் எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஒருநாள் அவர் கரும்பலகையில் 'மே', 'மைட்', 'பட்' என்று மூன்று சொற்களை எழுதினார்.

"இங்கிலீசுக்காரன் ஒரு விசயத்தையும் முகத்தில அறைஞ்ச மாதிரிச் சொல்லமாட்டான்" என்றார். "முதல்ல 'மே' போட்டு ஏத்துக்கொள்ளுவான். மறுகா 'பட்' போட்டுத் திருப்புவான். நிச்சயமில்லாட்டி 'மைட்'. எங்க, சொல்லுங்க பாப்பம். த டீ மே பி கோல்ட், பட் இட் இஸ் ஸ்வீட்!"

தேத்தண்ணி ஆறியிருக்கலாம், ஆனாலும் இனிப்பு. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இது எங்கள் அம்மாவின் கதையல்லவா! அதுவரை ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் அது பிறத்தியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரியே இருக்கும். அன்றுதான் முதன்முதலாக உள்ளே வந்து இரு என்று யாரோ சொன்னது போல இருந்தது. மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துக் கரைத்துக் குடிப்பது என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் ஓயாத பயிற்சி நடந்தது. அப்பா சின்ன மீனாகக் கொண்டு வந்தால், "த ஃபிஷ் மே பி ஸ்மோல், பட் இட் இஸ் எ ஃபிஷ்" என்பேன்.

"என்ன சொல்லுறாள்?" என்று அப்பா கேட்பார்.

"மீன் நல்லமாம்" என்பார் அம்மா. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, ஆனால் என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்.

அப்போதுதான் எங்கள் ஊர் ஜெசிந்தா அக்கா, வாவிக்கரையோடு இருந்த தன் வீட்டின் மேல்மாடியை நாலு அறைகளாக்கி, வெளியூர் ஆட்கள் தங்குவதற்கு விடுதி தொடங்கியிருந்தார். எங்கள் அம்மாவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஜெசிந்தா அக்கா. பூசை முடிந்து கோயில் வாசலிலேயே, "ஃபாதர், இண்டைக்குப் பிரசங்கம் நீளம்" என்று சொல்லக்கூடியவர். சமையலில் புலி. ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ' மூன்றும்தான். வருகிறவர்களோடு கதைக்க ஒரு பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் போய் நின்றேன்.

"இங்கிலீசு கதைப்பியா?"

"கதைக்கலாம் அக்கா, ஆனா..."

"ஓமா, இல்லையா?"

"ஓம்."

"அப்ப நாளையில இரிந்து வா. கொஞ்சநாள் பாப்பன். சரிவராட்டி முகத்துக்கு நேர சொல்லிப்போடுவன். மறுகா அழக்குடாது."

அந்தக் 'கொஞ்சநாளுக்குள்' ஹெலன் என்பவர் வருவதாகத் தகவல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு சுற்றுலாக் கம்பனியில் வேலை. தங்கள் ஆட்களை எங்கெங்கே தங்க வைக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டு வருபவர். அவருக்குப் பிடித்துவிட்டால் அக்காவின் நாலு அறைகளுக்கும் ஆட்கள் வருவார்கள். பிடிக்காவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டுப் பழையபடி வீடாக்கிக்கொள்ளப் போவதாக அக்கா சொல்லியிருந்தார். அறை பூட்டினால் எனக்குக் கொழும்பு பஸ். கணக்கு அவ்வளவுதான்.

இந்த வைபவத்துக்கென்று அம்மா என்னைக் காத்தான்குடிக்குக் கூட்டிப்போய்ப் பருத்திச் சேலை எடுத்துத் தந்தார். (கடைக்காரர் அடுக்கு அடுக்காக விரித்துக் காட்டியதில், கடைசியாகக் காட்டியதை 'வேணாம்' என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. ஒன்றுக்குப் போனவர்கள் இரண்டோடு வந்தோம்.) அதற்கு நான் கஞ்சி போட்ட போடு, நான் குந்தினாலும் சேலை குந்தாது. அப்படி விறைத்து நின்றேன்.

ஹெலன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த முகம், பெரிய தொப்பி, மிக மெதுவான குரல். வந்தவுடனேயே கேட்டார், குளிக்கச் சுடுதண்ணி வருமா என்று.

வராது. ஆனால் வீடு தேடி வந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? மேலே கறுப்புத் தண்ணீர்த் தாங்கி இருந்தது. உச்சி வெயிலில் அதில் உள்ளது கொதிக்கும். ஆகவே, "சுடுதண்ணி வரலாம், ஆனால் அது மத்தியானமாக இருக்கக்கூடும்" என்று 'மே'யும் 'மைட்'டும் போட்டுச் சொன்னேன். ஹெலன் தலையாட்டினார். வைஃபை இருக்கிறதா? "இருக்கலாம், ஆனால் அது எங்கேயாவது போயிருக்கக்கூடும்." ஹெலன் அதற்கும் தலையாட்டினார். என்ன பண்பான மனுஷி என்று நான் உருகிப்போனேன். ஒரு கேள்விக்கும் நான் 'நோ' சொல்லவில்லை. ரமணன் சேர் கேட்டால் பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா நண்டுக்கறி வைத்திருந்தார். அக்காவின் நண்டுக்கறி எங்களூர்க்காரரையே மூக்குச் சிந்த வைப்பது. ஹெலன் ஒரு வாய் வைத்தார். பிறகு மெல்லிய புன்னகையோடு, "இது சிலபேருக்குக் கொஞ்சம் உறைப்பாக இருக்கக்கூடும்" என்றார். அவரும் 'மைட்' போட்டார்!

சிலபேருக்கு. பாவம் அந்தச் சிலபேர். ஹெலன் அவர்களில் ஒருவராக இல்லாததையிட்டு மகிழ்ந்து, இன்னொரு நண்டுக்காலை எடுத்து அவருடைய பீங்கானில் வைத்தேன்.

"எனக்கு வயிறு நிறைந்துகொண்டு வரலாம் போல இருக்கிறது" என்றார் ஹெலன்.

எங்கள் ஊரில் சாப்பிடுகிறவர் முதலில் சொல்லும் 'போதும்' வெட்கத்தால் வருவது. இரண்டாவது 'போதும்' மரியாதைக்கு. மூன்றாவதைச் சொல்லி, கையைப் பீங்கானுக்கு மேல் குறுக்கே பிடித்தால்தான் வயிறு நிறைந்ததாகக் கணக்கு. அப்போதுங்கூட விரல்களுக்கிடையில் ஒரு கரண்டியாவது ஊற்றாமல் விட்டால் அம்மா என்னைக் கொன்றுவிடுவார். ஹெலன் சொன்னதோ முழுப் 'போதும்'கூட இல்லை. வயிறு நிறையலாமாம். ஆகவே குழம்பும் விட்டேன்.

அவர் சாப்பிட்டார். கண்ணால் தண்ணி வழிய வழியச் சாப்பிட்டார். யாரையோ நினைத்து அழுகிறார் போலும் என்று எனக்கு நெஞ்சு இளகியது. இடையில் "நான் ஒருவேளை கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம்" என்றார். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லைப் போலிருந்தது. அவசரப்படுத்துவது அழகில்லை என்று கைகட்டிக் காத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா குசினிக் கதவால் எட்டிப் பார்த்து, "என்னகா, அந்த மனுசி முகம் பழுத்துப் போச்சி. உறைக்குதாமா?" என்றார்.

"சிலபேருக்கு உறைக்கலாமாம் அக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய், தானே ஒரு செம்பு தண்ணியும், எருமைத்தயிரும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஹெலன் அக்காவைப் பார்த்த பார்வை மாதாவைக் கண்டவர் பார்வை. தயிரை அவர் ஏன் அப்படி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

சாப்பாடு முடிந்து அவர் பின்பக்கம் வாவிக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் போனார். வெயில் எரித்தது, உள்ளே நண்டும் எரித்திருக்கும். தண்ணியோ பச்சையாய்க் குளிர்ந்து கிடந்தது. அவர் திரும்பி என்னிடம் கேட்டார்: "இங்கே நீந்தலாமா?"

நீந்தக்கூடாது. அந்தக் கிழமைதான் அப்பா, எதிரே வாவியோரம் அடர்ந்து நின்ற கண்ணா மரங்களுக்குக் கீழே ஒரு முதலையைக் கண்டுவிட்டு, வலையை வீசாமலே திரும்பி வந்திருந்தார். (வந்து, "அந்தப் பக்கம் இப்ப மீன்பாடு அவ்வளவு காணா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா உடனே, "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.) அக்காவும் நானும் அந்தக் கரையில் கால்கூடக் கழுவுவதில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். என் வாய் அதற்கு வளையவில்லை.

"யூ மே ஸ்விம்" என்றேன். நீந்தலாம். "பட் தேர் மைட் பி எ குரோக்கடைல்." ஆனால் ஒரு முதலை இருக்கக்கூடும். ஹெலனின் கண் கொஞ்சம் விரிந்தது. விருந்தாளியைப் பயப்படுத்திவிட்டேனே என்று பதறி, "இட் மே பி ஸ்மோல்" என்று சேர்த்தேன். சின்னதாக இருக்கலாம்.

ஹெலன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கேயும் எதுவும் இருக்கக்கூடும், இல்லையா?" என்றார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். போய்க் குளிக்கும் உடுப்பை மாட்டி, தோளில் துவாயோடு திரும்பி வந்துவிட்டார்.

அவர் படியில் இறங்க இறங்க நான் மேலே நின்று 'மே'யாகவும் 'மைட்'டாகவும் பொழிந்தேன். தண்ணீர் நாளைக்கு இன்னும் நன்றாக இருக்கக்கூடும். முதலைக்குப் புதிய ஆட்களைப் பிடிக்காமல் இருக்கலாம். ஹெலன் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் புன்னகைத்துவிட்டு ஒவ்வொரு படி இறங்கினார். காலையிலிருந்தே கண்ணா மரங்களடியில் ஒரு பனங்குற்றி மிதந்துகொண்டிருந்தது. அது இப்போது கொஞ்சம் கிட்ட வந்திருந்தது போலப் பட்டது. காற்றே இல்லை.

சொல்லால் முடியாது என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடுவது என்று பாய்ந்தேன். கஞ்சி போட்ட சேலையோடு, புதுச் செருப்போடு, பாசி பிடித்த படியில் ஓடினால் என்ன நடக்குமோ அது நடந்தது. நான் ஹெலனைத் தாண்டிப் போனேன். 'தொபுக்' என்று வாவிக்குள் விழுந்தேன்.

மீனவன் பெற்ற பிள்ளைக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சேலைக்குத் தெரியாது. அது கால் இரண்டையும் சுற்றிக்கட்டிக் கொண்டது. இடுப்பளவு சேற்றுத் தண்ணியில் விழுந்தும் எழும்பியும் தத்தளித்தபடி நான் ஹெலனைப் பார்த்துச் சொன்ன வாக்கியத்தை என் வீட்டார் இன்றுவரை மறக்க விடுவதில்லை.

"யூ மைட் ஹெல்ப் மீ, பட் ஒன்லி இஃப் யூ ஆர் ஃப்ரீ!"

நீங்கள் எனக்கு உதவக்கூடும், ஆனால் ஓய்வாக இருந்தால் மட்டும்.

ஹெலன் ஓய்வாக இருந்தார். துவாயை எறிந்துவிட்டுத் தண்ணிக்குள் இறங்கி என் முந்தானையைப் பிடித்தார். அதே நேரம் குசினி யன்னலால் கண்டுவிட்ட ஜெசிந்தா அக்கா, கையில் அகப்பையோடு படியின் உச்சியில் வந்து நின்று, வாவியின் மறுகரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்: "நோ! நோ! நோ!"

எந்தப் பண்பும் இல்லாத, நிர்வாணமான 'நோ'. ஹெலனுக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அந்தப் பனங்குற்றி தானாகவே தண்ணிக்குள் தாழ்ந்தது. குற்றி தாழாது. பிறகு நானும் ஹெலனும் எப்படி மேலே வந்தோம் என்று இருவருக்கும் தெரியாது. என் செருப்பில் ஒன்று வாவியோடு போயிற்று.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார். நான் சேறு வடிய வடிய, கொழும்புக்கு எந்தப் பையில் உடுப்பை அடுக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஹெலன் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அங்கே முதலை இருந்ததா?"

"யெஸ்."

"உனக்கு அது முதலே தெரியுமா?"

"யெஸ். என் அப்பா கண்டவர்."

"சுடுதண்ணி?"

"நோ."

"வைஃபை?"

"நோ."

அக்காவுக்கு 'நோ' விளங்கும். பக்கத்தில் நின்று, "அடியேய், எல்லாத்துக்கும் இப்பதான் நோ சொல்லுறியா?" என்று பல்லைக் கடித்தார். எனக்கோ அணை உடைந்துவிட்டது. "நண்டுக்கறி எப்போதும் அப்படித்தான் உறைக்கும்" என்றும் கேட்காமலே சொல்லி வைத்தேன்.

ஹெலன் சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒருவர் சிரித்து நான் கண்டதில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இரண்டாவது வாயிலேயே என் நாக்குப் போய்விட்டது. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டேனே, நீ கைகட்டிக்கொண்டு நின்றாய்" என்றார். எப்போது கேட்டீர்கள் என்றேன். 'ஒருவேளை கொஞ்சம் குடிக்கலாம்' என்றால் அவருடைய ஊரில் ஓடிப்போய்க் கொண்டுவா என்று அர்த்தமாம். "எங்கள் அம்மாவும் இப்படித்தான். கூரை ஒழுகி அடுப்பு அணைந்தாலும், கொஞ்சம் ஈரமாக இருக்கக்கூடும் என்றுதான் சொல்லுவார்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் போன அழுகையா, வெட்கமா தெரியாது. ஆனால் கடல் கடந்து எங்கேயோ மழை பெய்கிற ஊரில் எங்கள் அம்மாவைப் போல இன்னொரு அம்மா இருக்கிறார் என்று கேட்டதில் அவ்வளவு சந்தோஷம். ஹெலன் என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என்னைத் தண்ணியிலிருந்து இழுத்த அதே கை.

அடுத்தநாள் காலை அவர் புறப்படும்போது அக்கா என் முதுகில் குத்தி, "கேள், ஆக்கள அனுப்புவாவா எண்டு" என்றார். கேட்டேன். ஹெலன் யோசித்து, மிகுந்த அன்போடு, "நாங்கள் ஒருவேளை ஒன்றிரண்டு பேரை அனுப்ப முடியக்கூடும்" என்றார். கார் போய்விட்டது.

"என்னவாம்? ஓமா, இல்லையா?"

"தெரியா அக்கா."

"தெரியாவா? நீதானே இங்கிலீசு!"

"அவ 'மைட்' போட்டுச் சொல்லிட்டா அக்கா" என்றேன். இப்படிச் சொல்லும் ஆட்களிடம் மாட்டினால் எப்படியிருக்கும் என்று எனக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரிந்தது. அம்மாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய அப்பாமீது பெரிய மதிப்பு வந்தது.

என் வேலை முடிந்தது என்று எனக்குத் தெரியும். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, நான் போறன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. அபசகுனம். போயிட்டு வாறன் என்பதுதான் முறை. திரும்ப வரமாட்டேன் என்று தெரிந்ததால் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நேராகப் பேசப் பழகிய முதல்நாள் அல்லவா. அக்கா அகப்பையை ஓங்கினார்.

"என்ன கதை இது? போயிட்டு வாறன் எண்டு சொல்லு! நாளைக்கு வரக்குள்ள தேங்காய்ப் பொச்சி கொண்டுவா, அந்தப் படியில பாசி உரஞ்ச வேணும்."

"அக்கா, நான் அவ்வளவு பிழை விட்டும்..."

"விழுந்தது நீ. அந்த மனுசி தானா விழுந்திரிந்தா இண்டைக்கே உன்ன அனுப்பியிரிப்பன். அவவப் பிடிக்கத்தானே ஓடின நீ. உனக்கு வாய்தான் இல்ல புள்ள, கால் இரிக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உள்ளே போய்விட்டார். ஜெசிந்தா அக்காவுக்கு நான் இதுவரை ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. சொன்னால், "சும்மா கதைய விட்டுட்டு வேலையப் பார்" என்பார். ஆகவே இங்கே சொல்லி வைக்கிறேன். என்னை ஊரோடு வைத்தது அந்த அகப்பைதான்.

நேரே ரமணன் சேரிடம் போய் நடந்ததைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "நான் தேத்தண்ணிக்குத்தானே படிப்பிச்சன், முதலைக்கா படிப்பிச்சன்?" என்றார். ஹெலன் கடைசியாகச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவி, "அது உங்கட அம்மாட 'பாப்பம்' மாதிரித்தான். வரமாட்டாங்க" என்றார்.

அந்தச் சீசனில் ஹெலனின் ஆட்கள் வந்தார்கள். ஒன்றிரண்டு பேர் இல்லை, நாலு அறையும் நிறைந்தது. இறங்கும்போதே, "தண்ணிக்குள் விழுந்த பெண் யார்?" என்று கேட்டுக்கொண்டு இறங்கினார்கள். சேருக்கும் ஆங்கிலம் முழுதாகத் தெரியாது என்று நான் அன்று அறிந்துகொண்டேன். படியின் தலைப்பில் அக்கா மூன்று மொழியிலும் பலகை அடித்து வைத்திருந்தார். 'முதலை இருக்கு. இறங்காதே.' ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதலாமே என்று நான் இழுத்தபோது அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரமணன் சேர் ஏதாவது சாட்டுச் சொல்லி அடிக்கடி விடுதிப் பக்கம் வரத் தொடங்கினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது வழக்கம். ஒருநாள் வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, "நிரோஷினி, நான் உங்கட வீட்டுக்கு வந்து இரிக்கலாம், ஆனா..." என்று தொடங்கினார்.

"வாறீங்களா, இல்லையா?"

"வாறன்."

அப்படியாக அவரும் எங்கள் வீட்டில் ஒருவரானார். முதலைக் கதை வீட்டுச் சொத்தானது. யார் எதைச் சுற்றி வளைத்தாலும் மற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: "முதலை இரிக்கா, இல்லையா?" மின்சார பில்லைப் பற்றி இவர் இழுத்தாலும் அந்தக் கேள்வி, பரீட்சைப் புள்ளியைப் பற்றி மகள் இழுத்தாலும் அந்தக் கேள்வி. அம்மா மட்டும் கேட்டதில்லை. சிரிப்பார். தன் பழைய வழியிலேயே பின்வேலியால் உப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருமட்டும் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காத கதைதான் வீடு முழுக்க நின்றது. அப்பா வலையைத் தூக்கவே இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "ஒண்டும் பெரிசா இரிக்காது மனே" என்றார். அம்மா அப்படிச் சொன்னால் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

முடிவு சொல்லும் நாளில் போய் இருந்தோம். டொக்டர் இளம் பிள்ளை, நல்ல மனம். முடிவைப் பார்த்துவிட்டு, பயப்படுத்தக்கூடாது என்று கவனமாகச் சொற்களைத் தேடினார். "அம்மா, இது பெரும்பாலும் சாதாரணமா இருக்கலாம். ஆனா சில வேளைகளில, சில ஆக்களுக்கு, இப்படியான கட்டிகள்..." என்று போய்க்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் இருந்த என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா நிமிர்ந்தார். எழுபதை நெருங்கும் வயதில், வாழ்நாளில் முதல் தடவையாக அவர் நேராக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, முதலை இரிக்கா, இல்லையா?"

டொக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். மூளைக்கும் ஏதாவது சோதனை எழுத வேண்டுமோ என்று யோசித்திருப்பார். நான் அழுகையும் சிரிப்புமாக வாவியையும் ஹெலனையும் அகப்பையையும் அவசர அவசரமாகச் சொன்னேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவால் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் சிரித்தார். கடதாசியை மடித்து வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து, தெளிவாகச் சொன்னார்.

"இல்ல அம்மா. முதலை இல்ல."

உலகத்தில் அவ்வளவு அழகான சொல் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை இத்தனை காலம் வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தோமே என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஹெலனுக்கு, அக்காவுக்கு, அந்தப் பாசிப்படிக்கு, அந்த முதலைக்கும்கூட.

ஓட்டோ எங்கள் வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு மாமி எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு வெறுங்கிண்ணம். அம்மா இறங்கியதும் இறங்காததுமாக வாசற்படியில் ஏறி நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"இல்லையாம் மச்சாள்! இல்லையாம்!"

மாமி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் கேட்டிராத சொல்லைக் கேட்டதால் முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடிப்போய் மறித்து, நோய் இல்லை என்றுதான் அம்மா சொன்னார், உப்பு இருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. மாமி என் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

இப்போது அவர் உப்புக்கு வந்தால் உள்ளே வருவதில்லை. வாசல் படலையடியில் நின்றே கேட்பார்: "முதலை இரிக்கா, இல்லையா மச்சாள்?" இருந்தால் "இரிக்கு, வாங்க!" என்று அம்மாவின் குரல் வரும். இல்லாவிட்டால் ஒரு சத்தமும் வராது. பின்வேலி மட்டும் சரசரக்கும்.